டிரையருக்குள் போன அரக்குச் சிட்டம்

பழைய வாஷிங் மெஷினைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கிவிடலாம் என்று மாணிக்கவேல் சொன்னபோது, கிருஷ்ணவேணி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"காய்ச்சல் எதுவும் இல்லியே" என்றாள்.

அவள் சந்தேகப்பட்டதில் தப்பே இல்லை. அறுந்த செருப்பை மூன்று முறை தைத்துப் போடுகிற மனிதர் அவர். வீட்டு மிக்சியின் மூடி உடைந்து இரண்டு வருடமாகிறது. சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டுதான் சட்னி அரைக்கிறார்கள். அப்படிப்பட்டவர் திடீரென்று வாயைத் திறந்து புது மெஷின் என்றால் எந்தப் பெண்டாட்டிதான் நம்புவாள்?

"பழசாயிடுச்சி வேணி. ஏழு வருசம் ஓடிடுச்சி. இதுக்கு மேல ரிப்பேர் பண்ணிக்கினு இருந்தா வீண் செலவு."

"தெறந்து பாக்காமலே எப்பிடிச் சொல்றீங்க? ராஜவேலு வந்து பாக்கட்டும். ஒயர் எதுனா விட்டிருக்கும்."

"அதெல்லாம் தெறக்க வேணாம்" என்றார் மாணிக்கவேல். கொஞ்சம் அவசரமாகத்தான் சொல்லிவிட்டார்.

திறக்க வேண்டாம் என்று ஏன் சொன்னார் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்த மெஷினைக் கெடுத்தது அவர்தான்.

சின்ன காஞ்சிபுரத்தில் மாணிக்கவேலுக்கு ஒரு சாயப்பட்டறை இருக்கிறது. நெய்கிறவர்கள் கொண்டுவந்து தரும் வெள்ளைப் பட்டு நூலைக் கேட்ட நிறத்தில் முக்கியெடுத்து, பிழிந்து, நிழலில் காயவைத்துத் திருப்பித் தருவது தொழில். அரக்குச் சிவப்பில் அவர் கை பட்டால் நிறம் ஒரு நூல் கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது. எல்லாம் சரி. ஐப்பசி மாதத்தில் மழை விடாமல் பெய்தால் எந்தப் பட்டு காயும்? போன செவ்வாய்க்கிழமை முக்கியெடுத்த அரக்கு நூல், புதன்கிழமை மத்தியானம் வரைக்கும் சொட்டிக்கொண்டே இருந்தது. அது ஒரு முகூர்த்தப் புடவைக்கான பட்டு. நெய்கிறவர் மூன்று தடவை போன் பண்ணிவிட்டார்.

அன்றைக்கென்று பார்த்து கிருஷ்ணவேணியும் மருமகள் சுகாசினியும் ஏனாத்தூரில் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தார்கள். மகன் லோகேஷ் கம்பெனி ஷிப்டில் இருந்தான். வீட்டில் ஆள் இல்லை. பின்கட்டில் துவைக்கும் பக்கமும் பிழியும் பக்கமும் தனித்தனியாக உள்ள மெஷின். பிழியும் பக்கத்தை எல்லோரும் டிரையர் என்பார்கள். ஈரத் துணியைப் போட்டால் மூன்று நிமிடத்தில் முக்கால்வாசி காய்ந்து வெளியே வரும். மாணிக்கவேலின் மூளை வேலை செய்தது.

பட்டறைச் சாமான் எதுவும் அந்த மெஷின் பக்கமே போகக் கூடாது என்பது கிருஷ்ணவேணியின் சட்டம். சட்டத்துக்குக் காரணம் உண்டு. மெஷின் வாங்கின புதிதில் இவர் சாயத் துண்டு ஒன்றை மற்ற துணிகளோடு போட்டுவிட்டார். அவள் தம்பியின் வெள்ளை வேட்டி ரோஸ் கலரில் வெளியே வந்தது. கருடசேவைக்கு வந்திருந்த தம்பிக்கு மாற்று வேட்டி இல்லை. ரோஸ் வேட்டியோடு பெருமாளைச் சேவித்துவிட்டு ஊர் போனவன், இன்றுவரை அக்கா வீட்டில் வேட்டியைக் கழற்றித் துவைக்கப் போடுவதில்லை.

ஆனாலும் மாணிக்கவேல் போட்டார். பழைய லுங்கியில் ஒரு சிட்டம், அதாவது ஒரு கற்றைப் பட்டு நூலை, மூட்டையாகக் கட்டி டிரையருக்குள் வைத்துக் குமிழை முறுக்கினார். நூல் ஒன்றுகூடக் கலையாமல், கைக்கு இதமாகக் காய்ந்து வந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும் அப்படியே. இத்தனை வருடம் இது தோன்றாமல் போயிற்றே என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டார். மெச்சிக்கொண்ட மிதப்பில் நாலாவது மூட்டையின் முடிச்சைச் சரியாகப் போடவில்லை. சுற்றுகிற வேகத்தில் முடிச்சு அவிழ்ந்தது. ஈரப் பட்டு நழுவி, துணி போடும் கூடைக்கும் வெளித் தொட்டிக்கும் நடுவே இருந்த சந்தில் இறங்கி, அடியில் சுழல்கிற தண்டில் போய்ச் சுற்றிக்கொண்டது. மெஷின் உர்ர் என்று உறுமி நின்றுவிட்டது.

கைக்கு எட்டின மட்டும் இழுத்துப் பார்த்தார். பாதிதான் வந்தது. மறுபடி முறுக்கினார். உறுமல்தான் வந்தது. தொட்டியில் வழிந்திருந்த சிவப்பைச் சோப்புப் போட்டுக் கழுவினார், மூடியைச் சாத்தினார், பட்டறைக்குப் போய்விட்டார். நாளைக்கு அதுவாகச் சரியாகிவிடும் என்று நினைத்தாராம். ஐம்பத்தாறு வயது மனிதர் நினைக்கிற நினைப்பா இது?

மறுநாள் காலையில் சுகாசினி ஒரு தடித்த போர்வையைத் துவைத்து டிரையரில் போட்டு முறுக்கினாள். உறுமிற்று. என்னவென்று புரியாமல் இன்னொரு தடவை முறுக்கினாள். கருகல் நாற்றம் வந்தது, பின்னாலேயே புகையும் வந்தது. அவ்வளவுதான், மெஷின் அடங்கிவிட்டது. சுகாசினி அங்கேயே ஈரப் போர்வையோடு நின்றாள்.

"நான்தான் அத்தை. போர்வை வெயிட்டு. போட்டிருக்கக் கூடாது."

"உடு. மெஷினுன்னா கெடத்தான் செய்யும்" என்றாள் கிருஷ்ணவேணி. நிஜமாகவே அவளுக்கு மருமகள்மேல் கோபம் இல்லை. ஆனால் சுகாசினிக்கு அது போதவில்லை.

அந்தப் பெண் இந்த வீட்டுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. சர்க்கரை டப்பாவைத் திறக்க இன்றைக்கும் அத்தையைக் கேட்பாள். எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் தான் சாப்பிட உட்காருவாள். அவள் பார்த்தால் டி.வி. சத்தம் ஏழாம் எண்ணுக்கு மேல் போகாது. லோகேஷிடம் பேசுவதுகூட அறைக்கு வெளியே கேட்டதில்லை. மாணிக்கவேலுக்குப் பெண் குழந்தை கிடையாது. மருமகள் வந்தால் வீடு கலகலவென்று ஆகிவிடும் என்று அவர் எவ்வளவோ ஆசைப்பட்டிருந்தார். "அந்தப் பொண்ணு லாட்ஜுல ரூம் போட்ட மாதிரி இருக்குது வேணி" என்று பெண்டாட்டியிடம் குறைப்பட்டிருக்கிறார்.

இப்போது பழி அந்தப் பெண்மேல்தான் போய் விழுந்திருக்கிறது. விழட்டும் என்று மாணிக்கவேல் நினைக்கவில்லை. அவ்வளவு கெட்டவர் இல்லை. புது மெஷின் வந்துவிட்டால் எல்லாரும் பழசை மறந்துவிடுவார்கள், அவளும் மறந்துவிடுவாள் என்று கணக்குப் போட்டார். அதற்காகத்தான் கையை விட்டுப் பணம் செலவழிக்கத் துணிந்தார். கிருஷ்ணவேணி வரச்சொல்லியிருந்த மெக்கானிக் ராஜவேலுவுக்குத் தெருமுனையிலிருந்து போன் போட்டு, "இப்ப வர வேணாம்பா, அப்புறம் சொல்றேன்" என்று நிறுத்திவைத்தார்.

வெள்ளிக்கிழமை முழுக்க வீட்டில் இதே பேச்சுதான். ரிப்பேர் என்றாள் கிருஷ்ணவேணி, புதுசு என்றார் இவர். அவர் புதுசு என்று சொல்லும் ஒவ்வொரு தடவையும் சுகாசினியின் தலை இன்னும் கொஞ்சம் குனிந்தது. அதை அவர் கவனிக்கவில்லை. சாம்பார் நன்றாக இருந்தது, அதைக் கவனித்தார்.

சனிக்கிழமை காலை பட்டறையில் அவர் அரக்குத் தொட்டியில் முழங்கை வரைக்கும் கையை விட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. சம்பந்தி நமச்சிவாயம். திருப்புட்குழியில் இருக்கிறவர்; குட்டியானை என்று எல்லோரும் சொல்லும் சின்ன லோடு வண்டி ஒன்று வைத்து ஓட்டுகிறார். மாணிக்கவேல் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தார்.

"சம்பந்தி, ஒரு சின்ன விசயம். வெள்ளை எடுக்கட்டா, மெரூன் எடுக்கட்டா? கடைக்காரரு ரெண்டும் இருக்குதுன்றாரு."

"இன்னா சம்பந்தி எடுக்கறீங்க?"

"மெஷினுதான். பாப்பா ஒடச்சிடுச்சாமே. ரெண்டு நாளா போன்ல அழுவுது. எங்க பொண்ணு ஒடச்சதுக்கு நாங்கதான பொறுப்பு? தவணையில போட்டுட்டேன். நாளைக்குப் பதினோரு மணிக்கு நம்ம வண்டிலயே ஏத்திக்கினு வந்துடறேன்."

மாணிக்கவேல் பதறினார். "அதெல்லாம் வேணாம் சம்பந்தி. நானே வாங்கிடறேன்" என்றார்.

"நீங்க இப்பிடிப் பெரிய மனசோட பேசறீங்க பாருங்க, அதான் எங்களுக்குத் தாங்கல. கல்யாணத்துல ஒரு ஸ்பூனு கூட வாங்கல நீங்க. இத்தையாச்சும் செய்ய உடுங்க."

சொன்னது உண்மைதான். நிச்சயதார்த்தத்தில் நாற்பது பேருக்கு முன்னால் மாணிக்கவேல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்: "சீரு கீரு ஒண்ணியும் வேணாம். எங்க வூட்ல எல்லாம் இருக்குது. பொண்ணை மட்டும் அனுப்புங்க." நமச்சிவாயம் அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு மாணிக்கவேல் வீடு திரும்பும்போது தரையில் கால் பாவாமல்தான் வந்தார். இப்போது தன் பொய்யினாலே அந்த மனிதர் தவணைக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். நாளைக்கு அந்த மெஷின் வாசலில் வந்து இறங்கினால், சுகாசினி இந்த வீட்டில் ஆயுசுக்கும் தலை நிமிர மாட்டாள். மெஷினைப் பார்க்கும்போதெல்லாம் அப்பாவின் தவணைதான் அவள் கண்ணில் தெரியும்.

உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அதைத்தான் கேட்கிறேன். ஆனால் மாணிக்கவேல் அப்போதும் ஒரு குறுக்குவழி தேடினார். பழியும் அந்தப் பெண்மேல் நிற்கக் கூடாது, தன்மேலும் வரக் கூடாது. யோசித்து யோசித்து ஒரு ஆளைக் கண்டுபிடித்தார்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு ராஜவேலுவை டீக்கடையில் நிறுத்திவைத்து விஷயத்தைச் சொன்னார். ராஜவேலு டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"இருவது வருசமா மெஷினைத் தொறக்கறேண்ணே. காசு எடுத்திருக்கேன், ஹேர்பின் எடுத்திருக்கேன், ஒருவாட்டி பல்செட்டு எடுத்தேன். பட்டு இப்பதான் எடுக்கப் போறேன்."

"எடுத்துட்டு, எலி ஒயரைக் கடிச்சிடுச்சின்னு சொல்லிடு. போர்வையால இல்ல, எலியாலதான்னு ஒரே போடாப் போட்டுடு. பொண்ணு மனசு சமாதானம் ஆயிடும்."

"சொல்றேன். எனக்கின்னா போச்சி."

பின்கட்டில் மெஷினை இழுத்துப் போட்டார்கள். ஷாக் அடிக்கும், யாரும் கிட்ட வரக் கூடாது என்று பெண்களை எட்ட நிறுத்தினார் ராஜவேலு. பின்பக்கத் தகட்டைக் கழற்றி, கூடையைத் தூக்கி, தண்டில் இறுகிக் கிடந்த பட்டைக் குறட்டால் பிய்த்துப் பிய்த்து எடுத்தார். ஒரு கைப்பிடி இருந்தது. மாணிக்கவேல் அதை வாங்கி வேட்டி மடியில் செருகிக்கொண்டார்.

ராஜவேலு எழுந்து நின்று முதுகை நிமிர்த்தினார். "எலிதான்க்கா. டிரையர் ஒயரைக் கடிச்சி வெச்சிருக்குது. மோட்டார் அதான் எரிஞ்சிடுச்சி. போர்வைக்கும் இதுக்கும் சம்மந்தமே இல்ல."

"எலியா? நம்ம வூட்ல எலி ஏது?" என்றாள் கிருஷ்ணவேணி.

மாணிக்கவேல் மருமகளின் முகத்தைப் பார்த்தார். இப்போது தெளிந்துவிடும், இப்போது ஒரு சிரிப்பு வரும் என்று காத்திருந்தார். அந்த முகம் முன்னைவிட மோசமாக வாடிற்று.

"அதுவும் நான்தான் அத்தை" என்றாள் சுகாசினி. "செவ்வாக்கெழம மழைன்னு தேங்கா சில்லை இங்க காய வெச்சேன். எடுக்க மறந்துட்டேன். பின்கதவையும் சரியா சாத்தல. அதுக்குத்தான் எலி வந்திருக்குது." மாமனார் பக்கம் திரும்பினாள். "அப்பா கெளம்பியிருப்பாரு. அவரு கொண்டாற மெஷினையே வெச்சிக்கலாம். தயவு செஞ்சி வேணான்னு சொல்லாதீங்க மாமா."

மாணிக்கவேலுக்கு அங்கேயே மனசு உடைந்துவிட்டது. எலி மேல் போட்டாலும் தன்மேல் எடுத்துக்கொள்கிறாளே இந்தப் பெண். இடி விழுந்து கெட்டது என்று சொன்னால்கூட, மாடிக் கதவைத் திறந்து வைத்தது நான்தான் என்று சொல்லுவாள் போலிருக்கிறது. இவளை இப்படி ஆக்கிவைத்திருப்பது யார்? வேட்டி மடியில் கையை விட்டார். கைப்பிடி அரக்குப் பட்டை எடுத்து மெஷின் மூடிமேல் வைத்தார்.

"அந்த எலி நான்தாம்மா" என்றார்.

ராஜவேலு ஸ்குருக்களை எண்ணுகிறவர்போல் தரையைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். மாணிக்கவேல் ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். புதன்கிழமை, ஏனாத்தூர் வளைகாப்பு, லுங்கி மூட்டை, நாலாவது முடிச்சு, சோப்புப் போட்டுத் தொட்டியைக் கழுவியது, எல்லாம். "நீ போர்வை போடறதுக்கு முந்தின நாளே அது செத்துப்போச்சிம்மா. நான்தான் சொல்லல."

கிருஷ்ணவேணி ஒரு மூச்சை இழுத்து, முந்தானையைச் செருகிக்கொண்டு ஒரு அடி முன்னால் வந்தாள். முப்பது வருட அனுபவத்தில் அடுத்து என்ன வரும் என்று மாணிக்கவேலுக்குத் தெரியும். அவர் அதற்குத் தயாராகக் கண்ணை மூடிக்கொண்டார்.

ஆனால் வந்த குரல் வேறாக இருந்தது.

"இன்னா மாமா இது?"

கண்ணைத் திறந்தார். சுகாசினி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"மூணு நாளா எனக்குச் சோறு எறங்கல, தெரியுமா உங்களுக்கு? ஒரு போர்வையை நெனச்சி நெனச்சி அழுதுக்கினு இருக்கேன் நான். எங்கப்பா வண்டிக்கி டயர் மாத்த வெச்சிருந்த காசை முன்பணமாக் கட்டியிருக்காரு. நீங்க இன்னாடான்னா எதிர்க்க ஒக்காந்துக்கினு, சாம்பாரு சூப்பர்மான்னு ரெண்டாவது வாட்டி ஊத்திக்கினீங்க. எப்பிடி மாமா எறங்கிச்சி உங்களுக்கு? அத்தை அவ்ளோ தடவ சொன்னாங்க, தெறந்து பாக்கலாம் தெறந்து பாக்கலாம்னு. வேணாம் வேணாம்னு நின்னீங்க. எதுக்குன்னு இப்பதான புரியுது. அது பத்தாதுன்னு எலி வேற. இல்லாத எலிக்கு நான் தேங்கா சில்லு கணக்கு சொல்லிக்கினு நிக்கறேன். உங்களுக்குப் பட்டு காயலன்னா ஃபேனைப் போட்டுக் காய வைங்க. இது வூட்டு மெஷினு. இதுல எதுக்குப் பட்டைப் போடறீங்க?"

அவளுக்கு அழுகையும் வந்துகொண்டிருந்தது. ஆனால் குரல் ஒரு இடத்தில்கூடத் தணியவில்லை. தெருவரைக்கும் கேட்டிருக்கும். உள்ளே நைட் ஷிப்ட் முடிந்து வந்து தூங்கிக்கொண்டிருந்த லோகேஷ் எழுந்து வந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு, "யாருமா கத்தறது?" என்று அம்மாவைக் கேட்டான். கட்டின பெண்டாட்டியின் குரல் அவனுக்கே அடையாளம் தெரியவில்லை.

"உன் பொண்டாட்டிதான். உங்கப்பாவை வாங்கு வாங்குன்னு வாங்கறா. நீ போய்த் தூங்கு" என்றாள் கிருஷ்ணவேணி. இழுத்த மூச்சை விட்டுவிட்டாள். சொல்ல வேண்டியதெல்லாம் மருமகளே சொல்லி முடித்திருந்தாள்.

மாணிக்கவேல் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டு நின்றார். வெட்கமாகத்தான் இருந்தது. ராஜவேலு முன்னால் வேறு. ஆனால் வெட்கத்துக்கு அடியில் சந்தோஷமும் இருந்தது. இந்த வீட்டில் முப்பது வருடமாகத் திட்டு வாங்குகிறார். எந்தத் திட்டும் அவருக்கு இப்படி இனித்ததில்லை. இன்னும் கொஞ்சம் திட்டட்டும் என்றுகூட இருந்தது.

"தப்புதாம்மா" என்றார். "பெரிய தப்பு."

"தப்புதான்" என்றாள் அவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

ராஜவேலு மெல்ல வாயைத் திறந்தார். "அண்ணே, மோட்டாரு போனது நெசம். மோட்டாரும் அடியில ரப்பர் சீலும் மாத்தணும். மாத்தினா நாலு வருசம் பயமில்லாம ஓடும். இல்ல, புதுசே வாங்கிக்கினாலும் உங்க இஷ்டம். இன்னா பண்ணட்டும்?"

கிருஷ்ணவேணி மாணிக்கவேலைப் பார்த்தாள். மாணிக்கவேல் கிருஷ்ணவேணியைப் பார்த்தார். மூன்று நாள் சண்டையில் யார் ஜெயித்தது என்பதை இரண்டு பேராலும் இப்போது சொல்ல முடியவில்லை.

"ரிப்பேரே பண்ணிடுங்கண்ணே" என்றாள் சுகாசினி. "தொவைக்கிற பக்கம் நல்லாத்தான இருக்குது? அத்தை மொதல்ல இருந்து அதான சொல்றாங்க. புதுசு வாங்கினா மாமா அதுலயும் பட்டைப் போடுவாரு."

ராஜவேலு உறுதி செய்துகொள்ள மாணிக்கவேல் பக்கம் திரும்பினார்.

"என்னை இன்னாத்துக்குப் பாக்கற? அதான் சொல்லிடுச்சில்ல" என்றார் மாணிக்கவேல்.

சுகாசினி அதற்குள் போனை எடுத்து அப்பாவைக் கூப்பிட்டுவிட்டாள். நமச்சிவாயம் கடை வாசலில்தான் இருந்தார். மெஷினை வண்டியில் ஏற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

"எறக்குப்பா. எறக்கிட்டு முன்பணத்தைத் திருப்பி வாங்கு. நான் ஒடைக்கலப்பா. மாமாதான் உள்ள பட்டைப் போட்டு ஒடச்சிருக்காரு. ஆமா, அவரே ஒத்துக்கினாரு. நான் உட்டேனா? நல்லா திட்டிட்டேன்."

சொல்லிவிட்ட பிறகுதான் அவளுக்கு உறைத்தது. யாரைத் திட்டினோம், எத்தனை பேர் முன்னால் திட்டினோம் என்பது இப்போதுதான் மண்டையில் ஏறியது. முகம் வெளுத்தது. போனில் நமச்சிவாயம் போட்ட சத்தம் பின்கட்டு முழுக்கக் கேட்டது. மாமனாரையா, நீயா, என்ன வளர்ப்பு என்று கேட்பார்கள் என்று அவர் பதறிக்கொண்டிருந்தார். சுகாசினி போனை நீட்டினாள்.

"மாமா, அப்பா உங்ககிட்ட பேசணுமாம்."

மாணிக்கவேல் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வாங்கினார்.

"சம்பந்தி, மன்னிச்சிக்கோங்க" என்றார் நமச்சிவாயம். "சின்னப் பொண்ணு, தெரியாம வாய் நீட்டிடுச்சி. நான் இப்பவே வந்து கண்டிச்சி வைக்கிறேன்."

"வாங்க சம்பந்தி, தாராளமா வாங்க. சம்பந்தியம்மாவையும் கூட்டிக்கினு சாப்பிட வாங்க" என்றார் மாணிக்கவேல். "ஆனா இந்த விசயத்துல மட்டும் நீங்க தலையிடாதீங்க. இது எங்க வூட்டுச் சண்டை."